விளக்குக்குப் பின்னாலிருந்த மட்டை

சாமித் தட்டைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று ஹீட்டர் பார்க்க வந்தவன் சொன்னபோது கமலினி முதலில் கணவனைத்தான் பார்த்தாள். அருந்தவன் நடையின் மறுமுனையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இதற்காகவே வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தான். வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். நவீன்ராஜ் என்று சட்டையில் தைத்திருந்தது. கிள்ளானில் பிறந்து, மெல்பேர்னுக்குக் கணக்கியல் படிக்க வந்து, அதை விட்டுவிட்டு எரிவாயு வேலை பழகிக்கொண்டதாக ஏணியை இறக்கும்போதே சொல்லிவிட்டான். சப்பாத்துகளை வாசலில் கழற்றி வைத்திருந்தான். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டு, பிள்ளையாருக்கு முன்னால் அனுமதிக்காகக் காத்து நின்றான்.

இரண்டு வாரங்களாக ஹீட்டர் பத்து நிமிடம் ஓடும், தானாக நிற்கும், மறுபடி ஓடும். மெல்பேர்னின் எண்டெவர் ஹில்ஸில் ஜூலை மாதக் குளிரில் அப்படி ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. கூரைக்குள் படுத்திருக்கும் ஒரு தகரப் பெட்டி அது. எரிவாயுவில் காற்றைச் சூடாக்கி, தடித்த குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறையின் சீலிங்கிலிருந்தும் ஊதும். ஊதுவதற்கான காற்றை வீட்டுக்குள்ளிருந்தே இழுக்கும். அப்படி இழுக்கும் பெரிய கம்பிச் சட்டம் நடையின் சுவரில், சாமித் தட்டுக்குப் பின்னால் இருந்தது.

"நகர்த்தலாம் தம்பி. விளக்கை மட்டும் நான் எடுக்கிறன்," என்றான் அருந்தவன்.

நவீன்ராஜ் அந்த மரத் தட்டைத் தரையோடு தள்ளி, சுவரில் தொங்கிய சிவப்புப் பட்டுத் துணியை ஒரு விரலால் விலக்கினான். துணிக்குப் பின்னால் கம்பிகள் தெரியவில்லை. ஒரு பெரிய டிவியின் படம் அச்சிட்ட அட்டைப்பெட்டி மட்டை, நான்கு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டி, சட்டத்தை மூடியிருந்தது. டேப்பின் ஓர் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தான்.

"யாருண்ணே இத மூடுனது?"

"விளக்கு நூருது தம்பி. ஹீட்டர் போட்ட உடன காத்து இழுத்து அணைச்சுப்போடும்."

"எத்தன வருஷமா?"

"நாலு. முழுக்க மூடேல்ல, பாரும். கீழ நாலு விரல் விட்டிருக்கிறன்."

"நாலு வெரலா," என்று சிரித்தான் நவீன்ராஜ். "இவ்ளோ பெரிய ஆள மூக்கப் பொத்தி, ஒரு ஸ்ட்ரா குடுத்து ஓடச் சொல்றீங்கண்ணே. பாவம்லா."

அருந்தவனும் சிரித்தான். ஆனால் அவனுடைய காதுகள் சிவந்ததைக் கமலினி கண்டாள். அவன் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ஒரு பிஸ்கட் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பாக இருக்கலாம், அதற்கு மேல் எத்தனை கூடலாம் என்று சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். நாலு விரலும் அப்படி அளந்து விட்டதுதான்.

வீட்டை வாங்கிப் பால் காய்ச்சிய நாள் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ஈசான மூலை இதுதான் என்று ஐயர் கைகாட்டிய இடத்தில் அந்தச் சட்டம் இருந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நாற்பது பேர் நடையில் நெருக்கியடித்து நின்றார்கள். குளிருகிறது என்று யாரோ ஹீட்டரைப் போட்டார்கள். ஏற்றிய விளக்கு ஒருமுறை பின்னால் சாய்ந்து அணைந்தது. அருந்தவன் மறுபடி ஏற்றினான். மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தும் நிற்கவில்லை. எண்ணெய் போதாது போல என்று ஓர் அன்ரி தயவாகச் சொன்னார். சகுனம் என்ற சொல்லை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. அத்தனை பேரும் கவனமாக அதைச் சொல்லாமல் விட்டதுதான் அவனை வருத்தியது. மறுநாள் காலையில் டிவி வந்த பெட்டியை வெட்டிக்கொண்டிருந்தான். விளக்கு அதற்குப் பிறகு அணையவேயில்லை.

நவீன்ராஜ் மட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தான். ஏணியைப் போட்டு, சீலிங்கில் இருந்த சதுர மூடியைத் தூக்கி, டோர்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு கூரைக்குள் ஏறிப்போனான்.

கமலினி சமையலைப் பார்க்கக் குசினிக்குத் திரும்பினாள். காலை பத்து மணிக்கு இடிக்கத் தொடங்கிய தலை இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. நெற்றிக்குப் பின்னால் யாரோ ஓர் ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிறார்கள், பிழிந்து முடித்ததும் மறுபடி நனைக்கிறார்கள். வந்த முதல் குளிர்காலத்தில் இது இல்லை. இரண்டாவதில் தொடங்கியது. இது மூன்றாவது குளிர்காலத் தலையிடி. வெயில் காலத்தில் போய்விடும். ஹீட்டர் போடும் மாதங்களில்தான் வரும் என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அது வெறும் குளிர். குளிரில் யாருக்கும் ஏதாவது வரும். அருந்தவனுக்கே சனி ஞாயிறுகளில் தலை பாரமாக இருக்கும். இரண்டு பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பான். மகள் பார்கவி மட்டும் தன் அறை ஜன்னலைத் திறந்துவைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பாள். சூட்டை வீணாக்குகிறாள் என்று அதற்குத் தினமும் ஏச்சு விழும்.

பகல் முழுவதும் வீட்டில் இருந்தவள் கமலினிதான். பருத்தித்துறையில் ஒன்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். இங்கே படிப்பிப்பதற்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று எழுத வேண்டியிருந்தது. பேசுவதிலும் கேட்பதிலும் குறை இல்லை. வாசிப்பில்தான் விழுந்தாள். ஒரு பந்தியின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி தண்ணீரில் எழுதியதுபோல் போயிருக்கும். இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் ஆகஸ்டில். ஒருநாள் பதினேழைப் பதிமூன்றால் பெருக்கத் தெரியாமல் குசினி மேசையில் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்து நான்கு. பேனையைக் கீழே வைத்து, தன் மூளை எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாள். அன்றைக்குத்தான் அவள் தன்னை நம்புவதை விட்டது.

வெளியே போனால் சரியாகிவிடும். அதுதான் பெரிய கரைச்சல். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கார் ஏறினால், கோயில் வருவதற்குள் முறுக்கிய துணி மெல்ல அவிழும். கன்ரீனில் வடை சாப்பிட்டுக்கொண்டு யாரோடாவது சிரிப்பாள். அருந்தவன் தூரத்திலிருந்து அதைப் பார்ப்பான். சிட்னியில், டூங்கபியில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் நின்றபோது ஒருநாள்கூட இடிக்கவில்லை. அக்கா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். திரும்பி வந்த மூன்றாம் நாள் வாளியை வைத்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். "வீட்டைக் கண்டாத்தான் உமக்கு வருத்தம்," என்றான் அருந்தவன். முதலில் கவலையோடுதான் சொன்னான். பிறகு அது பகிடியாயிற்று. பார்கவியின் பிறந்தநாளில் ஆட்கள் நிறைந்திருந்தபோது, "இவவுக்கு என்ர வீடு அலர்ஜி," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அது பகிடியும் இல்லை. கமலினிக்கு மனநோய் என்று அவனுடைய சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் மணிக்கட்டில் ஒரு கறுப்பு நூல் வந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது மருந்து அல்ல. ஓம், உமக்கு இடிக்குது என்று ஒரே ஒரு ஆள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

டொக்டரிடம் போயிருந்தார்கள். போன வருடம் அருந்தவன்தான் கூட்டிக்கொண்டு போனான். அவளுக்கு ஆங்கிலம் விளங்கும் என்றாலும் அவன்தான் பேசினான். வீட்டில் மட்டும்தான் டொக்டர், வெளியே போனால் நல்லாகிவிடுவா என்று, அவளைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்துச் சொன்னான். வெள்ளை முடி வைத்த அந்தப் பெண் டொக்டரின் விரல்கள் கீபோர்டில் நின்றன. அவனைச் சற்று வெளியே இருக்கும்படி சொன்னார். கதவு மூடியதும் கதிரையை அருகே இழுத்து, வீட்டில் யாராவது உன்னைப் பயப்படுத்துகிறார்களா, அடிக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

கமலினிக்கு முகம் எரிந்தது. அந்த ஒரு கணத்தில் எல்லாவற்றையும் கண்டாள். டொக்டர் எங்கோ எழுதி அனுப்புவதை, யாரோ வந்து கதவு தட்டுவதை, பள்ளிக்கூடத்தில் பார்கவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பதை, கோயிலில் ஆட்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதை. அவர் அப்படியான ஆள் இல்லை, ஒருநாளும் கை வைத்ததில்லை என்றாள். டொக்டர் நம்பியதுபோல் தெரியவில்லை. வீட்டில் மட்டும் வரும் தலையிடிக்கு அவருக்கு வேறு விளக்கம் வேண்டியிருந்தது. அப்போது கமலினி அதைச் சொன்னாள். வீட்டில் மட்டும் இல்லை டொக்டர். என் கணவருக்குத் தெரியாது. பஸ்ஸிலும் இடிக்கும், கடையிலும் இடிக்கும், சிட்னியில் அக்கா வீட்டிலும் இடித்தது.

டொக்டரின் தோள்கள் இறங்கின. விரல்கள் மறுபடி ஓடின. ஒற்றைத் தலைவலிக்கு ஒரு மாத்திரை, கொஞ்ச நாள் கழித்து மனத்துக்கு இன்னொன்று. அடுத்த முறை போனபோது டொக்டர் அருந்தவனுக்கு முன்னாலேயே, வெளியிலும் வருகிறது என்று சொன்னாய் அல்லவா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அருந்தவன் அவளைப் பார்த்த பார்வையில் அவன் அவளைப் பற்றி எதையோ முடிவுசெய்துவிட்டது தெரிந்தது. காரில் வரும்போது அவன் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

கூரைக்குள் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஏணியில் இறங்கி வந்த நவீன்ராஜின் முகத்தில் சிரிப்பு இல்லை. கையிலிருந்த சிறிய கருவியை நடையின் சீலிங் துவாரத்துக்கு நேரே நீட்டினான். அது கீச்சிட்டது. குசினியில் நீட்டினான், அங்கேயும். கமலினியின் தலைக்கு மேலே நீட்டினான், அங்கேயும்.

"அக்கா, ஜன்னலெல்லாம் தொறங்க. பின் கதவையும். எல்லாரும் செத்த நேரம் வெளிய நில்லுங்க."

அவன் போய் எரிவாயுவை மூடினான். மூவரும் பின்வாசல் கொங்கிரீட்டில் நின்றார்கள். பக்கத்து வீட்டில் யாரோ உதிர்ந்த இலைகளை மெஷினால் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நவீன்ராஜ் ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டினான். கறுத்த உருக்குத் தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"காத்து பத்தாம சூடு ஏறி ஏறி வெடிச்சிருக்குண்ணே. தீ எரியிற பெட்டி இது. இதுல உள்ள பொகை வெளிய கூரைக்கு மேல போகணும். இப்ப சூடு காத்தோட கலந்து உங்க ரூமுக்கு வருது. கார்பன் மோனாக்சைட். வாசம் இருக்காது, பார்த்தாலும் தெரியாது." ஒரு படிவத்தை எடுத்தான். "வீட்ல யாருக்காச்சும் தலவலி, தலசுத்து, வாந்தி வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

"இல்லைத் தம்பி," என்றான் அருந்தவன். "எல்லாரும் சுகமா இருக்கிறம்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. அதுதான் அதில் மோசமானது. அந்தக் கேள்விக்குப் பதிலாக அவளை அவன் நினைக்கவேயில்லை. அவளுடைய தலையிடி அவனுக்கு வேறோர் அலுமாரியில் இருந்தது.

"எனக்கு இருக்கு," என்றாள் கமலினி.

"எவ்ளோ நாளாக்கா?"

"மூண்டு குளிர்."

"தம்பி, அது வேற. அவவுக்கு வேற ஒரு வருத்தம். மருந்து எடுக்கிறா. அதை எழுத வேண்டாம்."

நவீன்ராஜ் அவனைப் பார்க்கவில்லை. "வெளிய போனா சரியாயிடுதாக்கா?"

மூன்று வருடங்களாக அவள் மேல் எறியப்பட்ட கேள்வி அது. இந்த மலேசியாக்காரன் காலுறை ஓட்டையோடு நின்று, ஏதோ கடை மூடும் நேரம் கேட்பதுபோல் கேட்டான். எந்தப் பதில் தன்னைக் காப்பாற்றும் என்று முதலில் யோசித்தாள். அந்த யோசனை அவ்வளவு பழகிப் போயிருந்தது. அருந்தவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம். வெளிய போனா சரியாயிடும்."

"அப்ப இதான்க்கா," என்று எழுதினான் நவீன்ராஜ். "இன்னிக்கே டாக்டர பார்த்து ரத்தம் செக் பண்ணுங்க. நாளைக்கின்னு வச்சிக்காதீங்க. கருவி எவ்ளோ காட்டுச்சுன்னு இதுல போட்டிருக்கேன், கொண்டு போங்க. அண்ணே, நீங்களும், பிள்ளையும்."

எரிவாயுக் குழாயில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினான். ஆபத்து, உபயோகிக்கக் கூடாது. ஹீட்டரை இனித் திருத்த முடியாது, புதிது போட வேண்டும் என்றான். போகும்போது சாமித் தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தான். மட்டையைச் சுவரோடு சாய்த்தபடியே விட்டுவிட்டுப் போனான்.

பார்கவி நாலு மணிக்கு வந்தபோது எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன. ஏன் இப்படி விறைக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஹீட்டர் பழுது, சின்னப் பிழை என்றான் தகப்பன். அவள் போய்ச் சிவப்பு அட்டையை வாசித்தாள். பள்ளிப் பையைக் கழற்றாமலே ஃபோனில் எதையோ தேடினாள். அதில் வந்த அறிகுறிகளை மேலிருந்து கீழே வாசித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பதினைந்து வயது முகம் ஐந்து வயதுபோல் இருந்தது.

"அம்மா. இட்ஸ் லிட்ரலி யூ."

அம்மா பெற்றோர் கூட்டத்தை மறந்தபோது, அடுப்பில் சோறு கருகியபோது, அவளும் தகப்பனோடு சேர்ந்து கண்ணைச் சுழற்றியவள்தான். தன் அறைக்குப் போனாள். கதவைப் பூட்டவில்லை.

அருந்தவன் நடைக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தான். ஆறு பத்துக்கு டொக்டர் கிடைத்திருந்தார், அதே டொக்டர். மூன்று பேருக்கும். நவீன்ராஜின் தாளை அவன் இரண்டு முறை வாசித்து மடித்தான்.

"நீர் பகல் முழுக்க ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்ததாலதான் இவ்வளவும்," என்றான்.

அவள் குசினி ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தாள்.

"அண்டைக்கு அந்த டொக்டர் மனுசிக்கு நான் சரியாத்தான் சொன்னனான், வீட்டில மட்டும் எண்டு. வெளியிலயும் இடிக்குது எண்டு சொன்னது நீர்தானே. நீர் ஒழுங்கா உண்மையைச் சொல்லியிருந்தா அவவே கண்டுபிடிச்சிருப்பா."

உண்மைதான். அவள் அதை அவனுக்கு முன்பே, பின்வாசலில் நிற்கும்போதே, கண்டுகொண்டாள். ஒரு வருடம் முன்னால், அந்த அறைக்குள், யாரோ ஒருவர் இந்த வீட்டின் கதவருகே வரை வந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

"அவ உங்களை வெளிய போகச் சொல்லிப்போட்டு என்னட்ட என்ன கேட்டவ எண்டு தெரியுமோ?"

"என்ன கேட்டவ?"

"நீங்கள் எனக்கு அடிக்கிறனீங்களோ எண்டு."

அவன் நின்றான். திறந்த ஜன்னலால் குளிர் உள்ளே வந்து மேசையிலிருந்த தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது. அவனுடைய முகத்தில் ஏதோ அசைந்தது. மூன்று வருடங்களாக அவள் காத்திருந்த ஒன்று அதில் வரப்போகிறது என்று நினைத்தாள். உடம்பு முழுவதும் அதற்காக ஒரு பக்கம் சாய்ந்தது.

"நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டான்.

"இல்லையெண்டு சொன்னனான். வெளியிலயும் இடிக்குது எண்டு சொன்னனான்."

அவனிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. டொக்டரின் தோள்கள் அன்று இறங்கியதுபோலவே அவனுடைய தோள்களும் இறங்கின. "நல்லது," என்றான். பிறகு, சொன்னதை அவனே கேட்டுவிட்டவன்போல, கோப்பை ஒன்றை எடுத்து சிங்குக்குள் வைத்தான். "நல்லது," என்று இன்னொரு முறை, சத்தம் குறைத்துச் சொன்னான். "இண்டைக்கு என்ன சொல்லப்போறீர்?"

கமலினி கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். போவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவள் வாயிலிருந்து வந்த மூச்சு வெள்ளையாகத் தெரிந்து கலைந்தது. எவ்வளவு நேரத்தில் அந்தத் துணி அவிழும் என்று அவளுக்கு நிமிடக் கணக்கில் தெரியும். தலை மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. பதினேழு பதிமூன்று இருநூற்று இருபத்தொன்று. அது கேட்காமலே வந்தது. அதற்காக அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

பின்னால் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவு வழியே திரும்பிப் பார்த்தாள். அருந்தவன் திருநீறு பூசியிருந்தான். சாமித் தட்டின் முன்னால் குனிந்து விளக்கை ஏற்றினான். ஹீட்டர் இல்லாத வீட்டில் சுடர் கொஞ்சம் தடுமாறி, நின்று, நேராக எழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கையை நீட்டி, சுவரில் சாய்ந்திருந்த மட்டையை எடுத்து, கம்பிச் சட்டத்தின் மேல் பழையபடி பொருத்தினான். கீழே நாலு விரல் விட்டு, டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். குளிரில் பசை பிடிக்கவில்லை. மேல் மூலை மெல்ல மெல்லச் சுவரைவிட்டு எழும்பியது. அவன் மறுபடியும் அழுத்தினான்.